பக்கத்துக் காம்பரா மகள்

"பையை விடுங்கண்ணே..."

லோஷினி சொல்லி முடிப்பதற்குள் பையின் வார் அறுந்தது. பின்னால் தள்ளாடிப் போய், பையை இழுத்தவனின் மார்பிலேயே மோதிக்கொண்டாள். அதே நொடியில், அவள் நின்றிருந்த இடத்தில் பெரியதொரு பிரம்பு வளையம் வந்து விழுந்தது. விழுந்து, துள்ளி, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. இலங்கை மலைநாட்டு வட்டகொடை ஸ்டேஷனில் நிற்காத கடுகதி ரயில், பனியையும் மழைத் தூறலையும் கிழித்துக்கொண்டு மேடையைக் கடந்து மறைந்தது.

லோஷினியின் கையில் அலைபேசி இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்றான் அவன்.

"பையைப் பிச்சுப் போட்டுட்டு என்னையே கேக்கிறீங்களா?"

"இழுக்காம விட்டிருந்தா பை முழுசா இருந்திருக்கும். ஒங்க மூக்குதான் இருந்திருக்காது."

அவள் சுடச்சுட ஏதோ சொல்ல நிமிர்ந்தாள். சொல்ல வந்தது மறந்துபோனது. அவன் இமைகளில் மழைத் துளிகள் தங்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே, கோபப்பட முயன்று தோற்றுப்போன இரண்டு கண்கள்... சிரிப்பதற்கென்றே செய்து வைத்த கண்கள்.

அவள்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினாள். தாழ்த்திய பிறகுதான் தரை தெரிந்தது. மலேசியாவின் கிள்ளான் நகரத்திலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த டின்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் உருண்டுகொண்டிருந்தன.

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். அவன் ஒரு டின்னைத் துடைத்து, அதன் மேலிருந்த படத்தைப் பார்த்தான்.

"இது என்னா?"

"கோப்பித் தூள். நான் தங்கப் போற வீட்டுக்கு."

அவன் தலையைத் திருப்பி, சுற்றிலும் நின்ற மலைகளைப் பார்த்தான். அடிவாரம் முதல் உச்சி வரை தேயிலை. உச்சிக்கு அப்பாலும் தேயிலை.

"தேயிலத் தோட்டத்துக்குக் கோப்பியா?"

"ஏன்... கடற்கரைக்குப் போறவங்க தண்ணி போத்தல் கொண்டுபோறதில்லையா?"

அவன் டின்னை அவளிடமே நீட்டினான். பேச்சில் தோற்ற முகம் அவனுக்கு இன்னும் அழகாகவே இருந்தது. அறுந்த வாரை எடுத்து, தன் குடையின் உறையில் இருந்த கயிற்றை உருவி, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். முடிச்சு இன்னும் இறுகியது.

"அந்த வளையம் எதுக்குண்ணே?" என்று அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்தக் கேள்வியில் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கருந்து அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒரே ஒரு தண்டவாளந்தான். அதுலதான் ஏறுற வண்டியும் போகணும், எறங்குற வண்டியும் போகணும். அந்த வளையத்துல ஒரு தோல் பை தொங்குதே, அதுக்குள்ள ஒரு பித்தள வில்ல இருக்கு. அது கையில இல்லாம எந்த ட்ரைவரும் வண்டிய நகத்த மாட்டாரு. ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மெஷின். ஒரு வில்ல வெளிய வந்திட்டா, அது திரும்ப உள்ள போற வரைக்கும் ரெண்டு மெஷினும் பூட்டிக்கும். நிக்காத வண்டியா இருந்தா, பழையத வீசிட்டுப் புதுச ஓட்டத்துலயே மாட்டிக்கிட்டுப் போவாங்க. இப்படி இருக்கிறதாலதான் இந்தப் பாதையில ரெண்டு பேரு நேருக்கு நேர் மோதிக்கிறதே இல்ல."

நாம் மோதிக்கொண்டோமே... என்று அவள் நினைத்தாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே, கறுப்புக் குடையோடு ஒரு பெரியவர் ஆட்டோவின் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினார். இருவரும் ஒரே நேரத்தில் அவரை நோக்கி நடந்தார்கள்.

"ஏன் என் பின்னாலயே வர்றீங்க?" என்றாள் அவள்.

"நீங்கதான் எனக்கு முன்னால போறீங்க."

பெரியவரின் எதிரில் இருவரும் நின்றார்கள்.

"மிஸ்டர் செல்லசாமிங்களா?" என்றாள் லோஷினி.

"அப்பா, இதுவா நீங்க சொன்ன மலேசியாப் புள்ள?" என்றான் அவன்.

*

லோஷினி உணவுத் தொழில்நுட்பம் படிப்பவள். கடைசி வருடம். தேயிலை வாடுவதைப் பற்றி ஆராய்வதற்காக மேக்கணக்கு என்ற தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். விருந்தினர் பங்களாவில் தங்கச் சொன்னார்கள். அவள்தான், யாராவது ஒரு குடும்பத்தோடு இருக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தாள். செல்லசாமி தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் அறையில் வேலை பார்ப்பவர். அவர் மனைவி பூரணி கொழுந்து பறிப்பவர். ஒரே மகன் துஷாந்த், நோர்வூட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவன், ஆகஸ்ட் விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற அதே ரயிலில்தான் அவளும் வந்திருக்கிறாள்.

லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு, ஒரு நீண்ட ரயில் பெட்டி போல மலைச்சரிவில் நின்றது. ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள்.

பூரணி வாசலில் காத்திருந்தார். லோஷினியின் ஈரத் தலையைத் தன் முந்தானையாலேயே துவட்டிவிட்டார். பிறகு ஒரு கோப்பையில் ஆவி பறக்கும், பால் விடாத வெறுந்தேத்தண்ணியும், அவள் உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியும் வந்தன. லோஷினி சீனியைப் பார்த்தாள். தேத்தண்ணியைப் பார்த்தாள். சீனியை அப்படியே கோப்பைக்குள் கொட்டிவிட்டாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெண்கள் கூட்டம் சிரித்தது.

"நக்கிக்கிட்டே குடிக்கணும் புள்ள," என்று பூரணி அவள் கையில் மறுபடி சீனி வைத்தார். "நாக்குல மொதல்ல இனிப்பு, அப்புறம் தேத்தண்ணி. அப்பதான் சீனியும் மிஞ்சும், தேத்தண்ணி ருசியும் கெடாது."

அந்தச் சூட்டிலும் இனிப்பிலும், பயணக் களைப்பு முழுவதும் லோஷினியின் தொண்டையிலிருந்து கரைந்து இறங்கியது. கண் கலங்கியது. அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான் உங்கள... அம்மான்னு கூப்பிடலாமா?"

அவளுக்கு அது புதிதல்ல. மலேசியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலாய்க் கிராமங்களுக்கு அழைத்துப் போய், வீட்டுக்கு ஒருவராகத் தங்க வைப்பார்கள். போனவுடன் அந்த வீட்டுப் பெண்மணியை அம்மா என்று அழைக்க வேண்டும். வளர்ப்புப் பிள்ளை என்பார்கள். நான்கு நாளில் திரும்பி வந்துவிடுவார்கள். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே வாசலில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. பூரணி அவளையே பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே போய், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கேட்டுக்கங்க. எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல, இல்லன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே... இந்தா வந்திட்டா. என் மக."

பக்கத்துக் காம்பராவிலிருந்து நாகலெட்சுமி ஓடி வந்து அவள் கன்னத்தைத் தடவினார். "அப்ப நான் ஒனக்கு அத்த. எங்க வீட்டுக்காரரு மாயாண்டி மாமா. எனக்கொரு மகன் மட்டும் இருந்திருந்தான்னா, இப்பவே ஒன்ன மருமகளாத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருவன்தான். சுவரில் சாய்ந்து நின்ற துஷாந்த், கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வெளியே மழைக்குள் நடந்துபோனான்.

"அண்ணே, குடை..." என்று லோஷினி கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

*

முதல் நாட்கள் பாதி வியப்பாகவும் பாதி நடுக்கமாகவும் கழிந்தன. குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் பல்லும் பல்லும் பேசிக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டாள். அட்டை கடித்தால் இழுக்கக் கூடாது, உப்பை வைத்தால் தானே விழும் என்று தெரிந்துகொண்டாள். பூரணியோடு மலைக்குப் போய், முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது எல்லாப் பெண்களோடும் சேர்ந்து "பொலியோ பொலி" என்றாள். அந்த ஒரு பிடியோடு அவள் கை ஓய்ந்துவிட்டது. பூரணியின் கைகளோ இரண்டு குருவிகள் போலச் செடிமேல் தத்திக்கொண்டே இருந்தன.

பூரணி மகள் கிடைத்த பெருமையை ஒளித்து வைக்கவில்லை. பெரட்டுக் களத்தில், காலையில் எல்லாரும் கூடி வேலை பிரித்து வாங்கும்போது, "என் மகளுக்கு ரொட்டி சுட்டு வச்சிட்டு வர நேரமாயிருச்சு," என்பார். யாரும் கேட்காமலேயே சொல்வார். அவள் கொண்டு வந்த கோப்பியை லயம் முழுவதும் ஆளுக்கொரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, நல்லா இருக்கு என்றது.

துஷாந்த்தோ வீட்டில் இருந்தும் இல்லாதவனாக இருந்தான். அவள் வந்தால் எழுந்து போவான். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு பார்வை போதும்... அன்றைக்கு முழுவதும் அவள் குறிப்பெடுக்கும் எண்கள் எல்லாம் தப்பாகும்.

ஒருநாள் செல்லசாமி, மழைக்கு இதமாக மேற்சட்டை வேண்டுமென்று மகனிடம் சொல்லிவிட, அவன் அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தான். லோஷினி மேல்மாடியில் இருந்தாள். நீண்ட தொட்டிகள், அவற்றின் மேல் கம்பி வலை, வலையின் மேல் பச்சைக் கொழுந்து மெத்தை. கீழிருந்து பெரிய காற்றாடிகள் ஊதிக்கொண்டிருந்தன. பச்சை வாசனைக்குள் எங்கோ ஆப்பிள் பழ வாசனையும் எழுந்துவந்தது.

"இதுக்குள்ள அப்படி என்னதான் பாக்குறீங்க?" என்றான் அவன்.

"வாங்க, காட்டுறேன்." அவள் புதிதாக வந்த இலை ஒன்றை எடுத்து மடித்தாள். காம்பு சட்டென்று முறிந்தது. "இது இப்போதான் வந்த இலை. உள்ள முழுக்கத் தண்ணி. முறுக்கா நிக்குது. இதை மெஷின்ல போட்டா உடையும், சுருளாது. அதனால ராத்திரி முழுக்கக் காத்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா தண்ணியைப் போக விடணும். அவசரப்படவும் கூடாது, அளவு மீறவும் கூடாது. வாசனை வர்றதே இந்தக் காத்திருப்புலதான்." தொட்டியின் மறுமுனையிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். "கையை நீட்டுங்கண்ணே."

அவன் நீட்டினான். அவள் வாடிய கொழுந்தை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தன் இரு கைகளாலும் மூடி அழுத்தினாள். "இப்ப மெதுவாத் திறங்க."

திறந்தான். பந்தாகச் சுருண்டிருந்த இலைகள், ஒவ்வொன்றாக, தூங்கி எழும் குழந்தை போலச் சோம்பல் முறித்து விரிந்தன. முறியவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைகள் இன்னும் அவன் கைக்குக் கீழே இருந்தன என்பதை யார் முதலில் உணர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன். குரல் மாறியிருந்தது.

"கேளுங்கண்ணே."

"அந்த ஒரு சொல்ல விட்டுட்டுப் பேச முடியுமா ஒங்களால?"

மேற்சட்டையை அங்கேயே வைத்துவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

*

"ஏன் அத்தை, அண்ணேன்னு கூப்பிட்டா அவருக்குக் கோபம் வருது?"

பீலிக்கரையில் கேட்டாள். மலை ஊற்றைத் தகரப் பீலியால் இறக்கி, லயத்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் ஊர்க் கதை பேசுவதும் அங்கேதான். நாகலெட்சுமி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த சேலையைக் கல்லில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோவமா... ஏன் புள்ள, ஒனக்கு அவன் மேல..."

லோஷினியின் காதுமடல் சிவந்தது.

"அடி ஆத்தி," என்று நாகலெட்சுமி மெதுவாகச் சொன்னார். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இங்க பாரு. இந்த லயத்துல பாதிப் பேரு ரத்த சொந்தம் கெடையாது. எங்க வீட்டுக்காரரும் பூரணியும் ஒரு வயித்துல பொறந்தவங்களா? இல்ல. சின்ன வயசுல அண்ணேன்னு கூப்பிட்டா, அவரும் தங்கச்சின்னாரு. அதோட சரி. அவ மகன் காதுகுத்துல தாய்மாமன் செய்ய வேண்டியதெல்லாம் அவருதான் செஞ்சாரு. வாயால சொன்னா அது சொந்தந்தான். நீ பூரணிய அம்மான்னு கூப்பிட்ட. எல்லாரும் கேட்டோம். அப்ப அவ பெத்த மகன் ஒனக்கு என்னா?"

லோஷினி மனதுக்குள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

அவளுக்கு இப்போது அந்த எந்திரம் முழுவதும் கண்முன்னே தெரிந்தது. ஒரு கடிகாரத்தைத் திறந்து பார்த்தது போல. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் அதன் பல்லில் கோத்த இன்னொன்று திரும்பும். அது இன்னொன்றைத் திருப்பும். அம்மா என்ற ஒரு சொல்லை அவள் திருப்பினாள். செல்லசாமி அப்பாவானார். நாகலெட்சுமி அத்தையானார். மாயாண்டி மாமாவானார். துஷாந்த்... அண்ணன் ஆனான். கிள்ளானில் அவள் வளர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் ஆன்ட்டி, எல்லாரும் அங்கிள். அந்தச் சொற்களுக்குப் பற்களே கிடையாது. எதையும் திருப்பாது.

"மாத்த முடியாதா அத்தை?"

"எப்படி மாத்துவ? பூரணிகிட்டப் போயி, நீ எனக்கு அம்மா இல்லன்னு சொல்லுவியா?"

மறுநாள் காலை, ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தட்டில் வந்தபோது, லோஷினி துணிவை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னாள்.

"போதும்... ஆன்ட்டி."

பூரணியின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"என்னம்மா... நான் ஏதும் கொற வச்சிட்டேனா? ரொட்டி வேகலையா? ராத்திரி குளிருச்சா ஒனக்கு?"

அந்தக் கண்களைப் பார்த்த பிறகு லோஷினியால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. "வாய் தவறிடுச்சும்மா," என்று சொல்லி, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மனம் இரண்டாகக் கிழிந்தது. இந்தத் தோளை விட்டால் அவன் கிடைப்பான். அவனை விட்டால்தான் இந்தத் தோள்.

அன்று பிற்பகல், லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவனைத் தேடிப் போனாள்.

"எனக்கு அப்போ தெரியாது," என்றாள். "தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்."

அவன் எதிர்மலையைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்குத் தெரியும். வட்டகொடை ஸ்டேஷன்ல அந்த முடிச்சப் போட்டப்பவே எனக்கு... விடுங்க. எங்கம்மா வாழ்க்கையில வாய்விட்டு ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மக. இப்ப அது கெடச்சிருக்கு. லயமே கேக்கச் சொல்லிட்டாங்க. அத அவங்க கையிலருந்து பறிச்சு நான் சந்தோசமா இருக்க முடியாது."

"அப்போ நான்?"

"நீங்க படிக்க வந்தவங்க. நல்லாப் படிங்க." எழுந்துவிட்டான். "நான் நாளைக்கே நோர்வூட்டுக்குப் போறேன். அங்க புள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு இருக்கு."

விடுமுறையில் என்ன வகுப்பு என்று அவள் கேட்கவில்லை. அவனுடைய நேர்மை, அவனுடைய பிடிவாதம்... இரண்டுக்கும் ஒரே முகம். அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

*

ஒரு சொல்லை விட்டுவிடுவது எளிது. அந்த இடத்தில் வேறு சொல் வைப்பதுதான் கடினம். அன்று மாலை லோஷினி துஷாந்த்தை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணே என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெயர் சொல்லத் துணிவு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுவரிடம் நீட்டுவது போல நீட்டினாள்.

அப்போது அவன் பயணத்துக்கு ஏதோ வாங்கக் கடைக்குக் கிளம்பினான். வானம் கறுத்திருந்தது. அவன் வாசலைத் தாண்டியதும் பெரும் துளிகள் விழத் தொடங்கின. லோஷினி குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது?

"ஏங்க..." என்றாள். "மழை வருது. குடையை எடுத்துட்டுப் போங்க."

லயம் முழுவதும் அசைவற்று நின்றது. தண்ணீர் எடுத்து வந்த பெண் குடத்தோடு நின்றாள். மாயாண்டி வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியோடு நின்றார். அந்த லயத்தில் அப்படி, அந்தக் குரலில், வாசலில் நின்று ஓர் ஆணைக் கூப்பிடுகிற உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு. அவன் மனைவிக்கு.

துஷாந்த் திரும்பி வந்தான். குடையை வாங்கினான். அவன் கண்களில் மழையும் சிரிப்பும் வேதனையும் ஒன்றாக இருந்தன. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

லோஷினி திரும்பினாள். அடுப்படி வாசலில் பூரணி நின்றிருந்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு படுக்கும் வரை யாரோடும் பேசவில்லை. அந்தப் பேசாமை லோஷினியை எந்தத் திட்டையும் விட அதிகமாகச் சுட்டது. நன்றாக உபசரித்த வீட்டில் இப்படியா செய்தேன்... என்று போர்வைக்குள் அழுதாள்.

விடிந்ததும், பெண்கள் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். பூரணி அவளுடைய உடுப்புகளை எல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். குடைக் கயிற்று முடிச்சுப் போட்ட அதே பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா," என்றார்.

"அம்மா, மன்னிச்சிருங்க. நான்..."

"வான்னு சொன்னேன்."

அவள் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினார். நிறைய நடக்கவில்லை. பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டினார். நாகலெட்சுமியும் மாயாண்டியும் வெளியே வந்தார்கள். கூடைகளோடு கிளம்பிய பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"அண்ணே," என்றார் பூரணி மாயாண்டியைப் பார்த்து. "இந்தப் புள்ள இனிமே எங்க வீட்ல இருக்காது. ஒங்க வீட்ல இருக்கட்டும்." பையை நாகலெட்சுமியின் கையில் கொடுத்தார். லோஷினியின் கையையும் எடுத்து அதே கையில் வைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லோஷினி குலுங்கி அழுதாள். லயமே பார்க்க, மகள் என்று உள்ளே அழைத்தவர், லயமே பார்க்க வெளியே விட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் துஷாந்த் பயணப் பையோடு வெளியே வந்தான். அவள் அழுவதைப் பார்த்து முகம் வெளிறிப் போனான். "அம்மா என்னா செஞ்சாங்க?" என்று கதவை நோக்கித் திரும்பினான்.

கதவு திறந்தது.

பூரணி பட்டுச் சேலையில் வந்தார். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற அரக்கு நிறப் பட்டு. கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு கிண்ணத்தில் சீனி. பின்னால் செல்லசாமி, மீசைக்குள் சிரித்துக்கொண்டு, வாரிய தலையோடு.

தன் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசலுக்கு, அவர் ஊர்வலம் வருவது போல நடந்து வந்தார்.

"அண்ணே, அண்ணி," என்றார், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஒங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்காமே. எங்க வீட்ல ஒரு பையன் இருக்கான். கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

நாகலெட்சுமிதான் முதலில் புரிந்துகொண்டார். "அடியே பூரணி..." என்று வாயில் கை வைத்தவர், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு லயம் பிடித்துக்கொண்டது. கூடைகளைத் தட்டினார்கள். யாரோ குலவையிட்டார்கள். மேலே பெரட்டுக் களத்திலிருந்து கங்காணி, நேரமாயிருச்சு என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

லோஷினி அழுகையை நிறுத்த மறந்து நின்றாள். அந்தப் பெரிய கடிகாரம் அவள் மனதில் மறுபடி திரும்பியது. மாயாண்டி அப்பா. நாகலெட்சுமி அம்மா. அப்பாவின் தங்கை பூரணி... அத்தை. அத்தை மகன்? சக்கரங்கள் எல்லாம் அதே சக்கரங்கள். ஒன்றையும் உடைக்கவில்லை. ஒரே ஒரு வாசல்தான் மாறியிருக்கிறது.

பூரணி அவளருகே வந்து கன்னத்தைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன் புள்ள. மக ஒரு நாளைக்கு வீட்ட விட்டுப் போயிருவா. மருமகதான் வீட்டுக்குள்ள வர்றவ. எனக்கு எதுல லாபம், சொல்லு?" பிறகு முகம் கனிந்தது. "ஆனா இது நான் பாத்த கணக்கு. ஒனக்கு இஷ்டமில்லன்னா, இப்பவே என் கையப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்திரு. மறுபடியும் என் மகதான். இஷ்டம்னா, மொதல்ல படிப்ப முடி. ஒன்னப் பெத்தவங்ககிட்ட நாங்களே பேசுறோம். அவங்க சொல்றதுதான் முடிவு. இன்னைக்கு நான் செஞ்சது, வழிய அடைச்சுக்கிட்டுக் கெடந்த ஒரு கல்ல நகத்துனது மட்டுந்தான்."

கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டிச் சீனியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

லோஷினி அந்தச் சீனியைப் பார்த்தாள். எதிரே நின்றவனைப் பார்த்தாள். பயணப் பை அவன் தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

அவள் குனிந்து பூரணியின் கால்களைத் தொட்டாள்.

"எனக்கு இஷ்டம்... அத்தை."

*

கூடைகளோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரிப்பும் பேச்சுமாக மலையேறிப் போன பிறகு, தூறல் மெல்ல விழத் தொடங்கியது. பக்கத்துக் காம்பராவின் உள்ளே நாகலெட்சுமி அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, அதன் வாசலில் அவள். தன் வீட்டு வாசலில் அவன். நடுவில் ஒரு சுவரின் அகலம்.

"நோர்வூட்டுக்கு ரயில் போயிருக்கும்," என்றாள் அவள்.

"நோர்வூட்டுக்கு ரயிலே கெடையாது. ஹட்டன்ல எறங்கி பஸ் ஏறணும்."

"எல்லாத்தையும் விளக்கிச் சொல்லுவீங்களே... அப்போ இதையும் சொல்லுங்க. ஸ்டேஷன்ல முடிச்சுப் போட்டப்பவே என்னமோன்னு ஆரம்பிச்சு, விடுங்கன்னு நிறுத்துனீங்களே. அது என்ன?"

அவன் மழைக்குள் இறங்கி வந்தான். அவள் எதிரே நின்றான். இமைகளில் மறுபடியும் துளிகள் தங்கின.

"அந்த வில்ல இல்லாம வண்டி நகராதுன்னு சொன்னேன்ல..." என்றான். "நீங்க குனிஞ்சு அந்த டின்னப் பொறுக்கிட்டு, தண்ணி போத்தல்னு ஒரு பேச்சுப் பேசுனீங்களே... அப்பவே என் கையில இருந்தது ஒங்க கைக்குப் போயிருச்சு. அன்னையிலருந்து நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு, லோஷினி. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சீனி ஒட்டியிருந்தது. மழைத் துளி பட்டு அது கரையத் தொடங்கியது. அவள் அந்தக் கையை அப்படியே அவன் கைக்குள் வைத்தாள்.

"ஏங்க..." என்றாள், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மழையில நனையாம உள்ள வாங்க. அம்மா கோப்பி போட்டிருக்காங்க."